இரட்டைக் குழாய்களும் ஒரு வழக்கும்

சில ஆண்டுகளுக்கு முன்னர் கனடா சென்றிருந்தபோது, ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் என் மூத்த சகோதரியின் மகன் வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தேன். வெளியே கால் வைக்க இயலாத பனி. வாசிப்பதற்கென்று கொழும்பிலிருந்து சுமந்து சென்ற புத்தகங்கள் இரண்டாவது வாரத்திலேயே தீர்ந்துவிட்டன. மருமகனோ வேலையால் வந்து, முகம் கழுவி, சாப்பிட்டதும் நிலவறைக்குள் இறங்கிவிடுவார். இரவு பத்து மணிவரை கீழேயிருந்து ஒரே சீரான ஓசை கேட்கும். அம்மியில் எதையோ இழுத்து இழுத்து அரைப்பது போன்ற ஓசை. பத்திரிகைக்காரனின் பழக்கம் முதுமையிலும் விடுவதில்லை. மூன்றாம் நாள் நானும் கீழே இறங்கினேன்.

அங்கே ஒரு பழைய மரவேலை இயந்திரம் எலும்பும் தசையுமாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்தது. நடுவில் இரண்டு மரக்கட்டைகளின் மேல் ஓர் உருக்குக் குழாய் கிடந்தது. மருமகன் அதன் மேல் குனிந்து, மண்ணெண்ணெயில் நனைத்த உருக்கு நாரால் தேய்த்துக்கொண்டிருந்தார். பாத்திரம் துலக்கும் கம்பி நாரைவிடப் பல மடங்கு மெல்லிய நார் அது. விரலால் தொட்டால் பஞ்சுபோல் இருந்தது. மண்ணெண்ணெய் மணம் மூக்கில் ஏறியதும் எனக்கு அரை நூற்றாண்டு பின்னோக்கிப் போன உணர்வு. ஈய எழுத்துக் கோத்து அச்சடித்த காலத்தில், பதிப்பு முடிந்ததும் எழுத்துகளை மண்ணெண்ணெயில் கழுவும்போது எங்கள் அச்சுக்கூடம் முழுவதும் அந்த மணம்தான் பரவியிருக்கும்.

"தம்பி, ஒரு குழாய்க்கு எத்தனை நாள் செலவழிக்கிறீர்?" என்று கேட்டேன்.

"இது நாலாம் நாள் மாமா. அவசரப்பட்டால் என்ன நடக்கும் என்றதுக்கு அங்கே ஒரு சாட்சி நிற்குது, பாருங்கோ" என்று மூலையைக் காட்டினார்.

மூலையில் வேறொரு குழாய் சுவரோடு சாத்தி நின்றது. வெள்ளிப் பாத்திரம்போல் ஒளிர்ந்தது. அதில் என் முகம் நீளமாகத் தெரிந்தது. கட்டையில் கிடந்த குழாயோ மங்கல் சாம்பல் நிறம். அதன் மேனியில் அம்மைத் தழும்புகள்போலக் கறள் தின்ற கரும்புள்ளிகள். இவ்வளவு அழகான குழாயை மூலையில் சாத்திவிட்டுத் தழும்பு விழுந்ததை எதற்காகத் தேய்க்கிறார் என்பது எனக்கு விளங்கவில்லை. அந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். அதற்கு முன்னர் இயந்திரத்தின் பூர்வீகத்தைச் சொல்லிவிட வேண்டும்.

இயந்திரத்தின் வார்ப்பில் பொறித்திருந்த பெயரைத் துடைத்துப் படித்தேன். ஷொப்ஸ்மித். அந்தப் பெயரை நான் எங்கேயோ படித்திருக்கிறேன் என்று மனம் சொல்லிற்று. எங்கே என்பது அன்றிரவு படுக்கையில்தான் நினைவுக்கு வந்தது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து இலட்சக்கணக்கான அமெரிக்கப் போர்வீரர்கள் வீடு திரும்பினார்கள். 1944 இல் அவர்களுக்கென்று இயற்றப்பட்ட சட்டத்தின் உதவியோடு கடன் பெற்று, நகரங்களின் புறத்தே புதிய வீடுகளில் குடியேறினார்கள். வீட்டுக்கு அலுமாரி வேண்டும், பிள்ளைக்குக் கட்டில் வேண்டும். கூலி கொடுத்துச் செய்விப்பதைவிடத் தானே செய்துகொள்ளும் மோகம் நாடெங்கும் பரவியது. 1954 ஆகஸ்டில் டைம் சஞ்சிகை இந்த மோகத்தை அட்டைப்படக் கட்டுரையாகவே வெளியிட்டது. ஆனால் வட்டவாள் ஒன்று, துளைகருவி ஒன்று, கடைசல் இயந்திரம் ஒன்று என்று தனித்தனியே வாங்கி வைக்கச் சாதாரண வீட்டில் இடமும் இல்லை, கையில் பணமும் இல்லை.

இந்த இடைவெளியைக் கண்டவர் ஜெர்மனியிலிருந்து புலம்பெயர்ந்து கலிபோர்னியாவில் வாழ்ந்த ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் என்பவர். ஒரே சட்டகத்தில், ஒரே மோட்டரில் ஐந்து வேலைகள்: மரம் அறுக்கலாம், கடையலாம், தட்டில் தேய்க்கலாம், கிடையாகத் துளைக்கலாம், சட்டகத்தைத் தூக்கி நிமிர்த்திவிட்டால் செங்குத்தாகவும் துளைக்கலாம். 1947 இல் 10ஈ என்ற பெயரோடு சந்தைக்கு வந்தது. மாக்னா என்ற நிறுவனம் தயாரித்தது. அஞ்சல்வழி வியாபாரத்தில் பெயர்பெற்ற மொன்ட்கொமரி வார்ட் விற்றது. அடுத்து வந்த திருத்திய வடிவம்தான் 10ஈஆர். மருமகனின் நிலவறையில் பிரிந்து கிடந்தது அதுவே. 1950களின் முற்பாதியில் மார்க் 5 என்ற புதிய மாதிரி அதன் இடத்தைப் பிடித்தது.

இந்த இயந்திரத்தின் உயிர்நிலை எது என்று கேட்டால் எல்லோரும் மோட்டரைக் காட்டுவார்கள். உண்மையில் அது சட்டகத்தின் மேற்பகுதியில் நீளவாக்கில் கிடக்கும் இரண்டு உருக்குக் குழாய்கள்தான். சுழலும் தண்டைத் தாங்கும் தலைப்பெட்டி அந்தக் குழாய்களின் மேல்தான் வழுக்கிச் செல்ல வேண்டும். மேசையும் அப்படியே. கடைசல் வேலையில் மரத்தின் மறுமுனையைத் தாங்கும் வால்தாங்கிக்கும் அந்தக் குழாய்களின் நேர்தான் கணக்கு. ஐந்து வேலைகளுக்கும் ஐந்து இடங்களில் நிற்க வேண்டிய பாகங்களை ஓடவிடுவதும் அவையே, நிறுத்தி வைப்பதும் அவையே.

லண்டன் விஞ்ஞான அருங்காட்சியகத்தில் ஹென்றி மோட்ஸ்லியின் கடைசல் இயந்திரம் ஒன்று இருக்கிறது. 1800 ஆம் ஆண்டையொட்டிய காலத்தது. அதில் பாகங்கள் வழுக்கிச் செல்ல முக்கோண வடிவான உருக்குச் சட்டங்கள் உண்டு. பின்னர் வந்த பெரிய இயந்திரங்களில் தட்டையாகச் செதுக்கிச் சீராக்கிய வார்ப்பிரும்புப் படுக்கை வந்தது. இங்கிலாந்தில் ட்ரம்மொண்ட் என்ற நிறுவனம் உருளைப் படுக்கை வைத்த சிறிய கடைசல் இயந்திரங்களை 20 ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே விற்றது. ஆகவே உருளையின் மேல் வழுக்கவிடுவது கோல்ட்ஷ்மிட் கண்டுபிடித்த ஒன்றல்ல. குழாய் ஒன்றே ஒன்றாக இருந்தால் அதன் மேல் நிற்கும் பெட்டி சுற்றிக்கொள்ளப் பார்க்கும். இரண்டாக வைத்துவிட்டால் சுற்ற வழியில்லை. அதற்குமேல் மலிவும் எடைக்குறைவும் சேர்ந்துகொண்டன.

எடைக்குறைவு என்றதும் பலம் குறைவு என்று எண்ணிவிடக்கூடாது. மூங்கில் ஏன் உள்ளே வெறுமையாக இருக்கிறது என்று நம் ஊரில் யாரும் வியப்பதில்லை. வளைக்கும் விசையை எதிர்த்து நிற்பது பெரும்பாலும் வெளிப்பக்கத்தில் உள்ள பொருள்தான். குழாயின் உள்விட்டம் வெளிவிட்டத்தில் முக்கால் பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே தடிப்புள்ள திண்மக் கம்பியோடு ஒப்பிட்டால் எடை பாதிக்கும் கீழே, ஏறத்தாழ 44 வீதம். விறைப்போ 68 வீதம் மிஞ்சுகிறது. 

அடுத்தது வழுவழுப்பு. இந்தக் குழாய்களை மையமில்லாச் சாணை என்ற முறையில் தீட்டினார்கள். சாதாரணமாக ஓர் உருளையைச் சாணை பிடிக்க வேண்டுமானால் அதன் இரு முனைகளிலும் மையம் குறித்து, அங்கே பிடித்துச் சுழற்ற வேண்டும். குழாயின் நடுவில் வெறுமைதானே இருக்கிறது, எங்கே மையம் குறிப்பது? மையமில்லாச் சாணையில் இரண்டு சக்கரங்கள் உண்டு. ஒன்று வேகமாகச் சுழன்று தீட்டும். மற்றது மெதுவாகச் சுழன்று குழாயை உருட்டிக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு தகட்டின் விளிம்பில் குழாய் இருந்துகொண்டு, ஒரு பக்கத்தால் நுழைந்து மறுபக்கத்தால் வெளியேறும். குழாய்க்குத் தன் மேனியே வழிகாட்டி. அமெரிக்காவில் லூயிஸ் ஹைம் என்பவர் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில் இந்த முறையைத் தொழிற்சாலைக்கு ஏற்றதாக்கினார். அதன் பின்னர் ஆயிரக்கணக்கான தண்டுகளையும் குழாய்களையும் ஒரே அளவில் மலிவாகத் தீட்ட முடிந்தது. முனையிலிருந்து முனைவரை ஒரே தடிப்பு. ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்ற கணக்கில்தான் அங்கே பேச்சு.

இப்போது மூலையில் நின்ற சாட்சிக்கு வருவோம்.

மருமகன் இந்த இயந்திரத்தை, கணவனை இழந்த ஒரு முதிய அம்மையாரிடமிருந்து சொற்ப விலைக்கு வாங்கியிருந்தார். பல ஆண்டுகள் ஈரமான கொட்டிலில் கிடந்ததால் குழாய்கள் இரண்டும் செங்கறளாக இருந்தனவாம். புதிதாகத் தொடங்கியவர்களுக்கே உரிய உற்சாகத்தோடு, கைத்துளைகருவியில் அரத்தாள் இதழ்கள் பொருத்திய சக்கரத்தை மாட்டி, ஒரே மாலையில் ஒரு குழாயைப் பளபளப்பாக்கிவிட்டார். வீட்டார் எல்லோரும் இறங்கி வந்து பார்த்து மெச்சினார்களாம். இயந்திரத்தைப் பூட்டிப் பார்த்தபோதுதான் விபரீதம் தெரிந்தது. முனைகளில் இறுக்கமாக ஓடிய தலைப்பெட்டி, நடுவில் வந்ததும் ஆடியது. பூட்டும் பிடியை எவ்வளவு திருகினாலும் நடுப்பகுதியில் பெட்டி நிற்கவில்லை. கையால் தள்ளினாலே நகர்ந்தது. மைக்ரோமீற்றர் வைத்து அளந்தார். அதிகம் கறள் பிடித்திருந்த நடுப்பகுதியில் அதிக நேரம் சக்கரத்தைப் பிடித்ததால், அங்கே ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஆறு பங்கு தடிப்புக் குறைந்திருந்தது. ஒரு தலைமயிரின் தடிப்பைவிடக் கூடுதல். உடுக்கின் இடைபோலக் குழாய்க்கு ஓர் இடை விழுந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத இடை.

மினுக்குதல் என்ற சொல் நம்மை ஏமாற்றிவிடுகிறது. எதையோ பூசி ஏற்றுவதுபோல ஓர் எண்ணம். உண்மையில் அது கழித்தல் மட்டுமே. தொழிற்சாலையில் சாணை கொடுத்த அளவிலிருந்து ஒவ்வொரு தேய்ப்பிலும் சிறிது கழிகிறது. கழித்ததைத் திருப்பி வைக்க வழியில்லை.

வேறொரு பழுதுபட்ட இயந்திரத்திலிருந்து கழற்றிய மாற்றுக் குழாயைத்தான் அவர் இப்போது தேய்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை முறை வேறு. முதலில் மண்ணெண்ணெய் தடவி ஒரு நாள் ஊறவிட்டார். எண்ணெயும் மரத்தூளும் பல ஆண்டுகளாகச் சேர்ந்து இறுகிய பொருக்கு அதில் இளகிவிடும். பின்னர் சவர அலகைக் குழாயின் மேல் படுக்கையாகப் பிடித்து நீளவாக்கில் இழுத்தார். அலகு, மேலெழுந்து நிற்கும் கறளை மட்டும் சீவுகிறது, குழாயின் மேனியைத் தொடுவதில்லை. அதன் பின்னர் உருக்கு நார். கடையில் சாண்ட் பேப்பர் என்று கேட்டு வாங்குகிற அரத்தாளை எடுத்தது கடைசியில், அதுவும் மிகவும் நொய்யதான 600 ஆம் எண் தாளை, எண்ணெயில் நனைத்து. அதை விரலகல நாடாவாகக் கிழித்து, குழாயைச் சுற்றிப் போட்டு, சப்பாத்து மினுக்குகிறவர் துணியை இழுப்பதுபோல் இரு கைகளாலும் மாறி மாறி இழுத்தார். பத்து இழுவை இழுத்ததும் குழாயைச் சிறிது திருப்புவார். ஓர் இடத்தில் எத்தனை இழுவையோ அதே கணக்குத்தான் குழாயின் முழு நீளத்துக்கும். அழுக்கான இடத்துக்கு அதிகம், சுத்தமான இடத்துக்குக் குறைவு என்ற சலுகை கிடையாது. நான் மேலே கேட்ட அம்மி ஓசை இதுதான்.

"அந்தக் கரும்புள்ளிகள் போகவில்லையே" என்றேன்.

"அது பள்ளம் மாமா. பள்ளத்தால ஒரு கெடுதியும் இல்லை. மேடுதான் கெடுதி. புள்ளி போகுமட்டும் தேய்த்தால் குழாயே போயிடும்."

தேய்த்து முடிந்ததும் பிசுக்கு இல்லாமல் துடைத்து, தளபாடங்களுக்குப் பூசும் கட்டி மெழுகை மெல்லிய படலமாகத் தடவி, காயவிட்டு, துணியால் நன்றாகத் துடைத்தெடுத்தார். எண்ணெய் பூசினால் மரத்தூள் ஒட்டிக்கொண்டு மறுபடியும் பொருக்காகிவிடும். சிலிக்கன் கலந்த தெளிப்பு வகைகளையும் அவர் கிட்ட விடுவதில்லை. அது மரத்தில் பட்டால் பின்னர் வார்ணிஷ் ஒட்டாது. குழாயை இறுகப் பற்றும் ஆப்புகளில் மாத்திரம் மெழுகு ஒரு பொட்டும் படாமல் பார்த்துக்கொண்டார். வழுக்க வேண்டியதை வழுக்கவிட்டு, பற்ற வேண்டியதைப் பற்றவிட வேண்டும் அல்லவா.

ஒரு எச்சரிக்கையையும் பதிவு செய்துவிடுகிறேன். சில பழைய இயந்திரங்களின் குழாய்கள் குரோமிய முலாம் பூசப்பட்டவை. அவற்றில் அரத்தாளை வைத்தால் முலாம் கிழிந்துவிடும், அதன் பின்னர் கறளை நிறுத்த முடியாது. முதலில் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அன்றிரவு படுக்கையில் புரண்டபோதுதான் ஷொப்ஸ்மித் என்ற பெயரை எங்கே படித்தேன் என்பது நினைவுக்கு வந்தது. இளம் நிருபராகக் கொழும்பு நீதிமன்றங்களுக்குச் செய்தி சேகரிக்கச் சென்ற காலத்தில், சட்டம் பயின்றுகொண்டிருந்த நண்பர் ஒருவரோடு ஒரே அறையில் இருந்தேன். தீங்கியல் சட்டம் என்றால் அவருக்கு உயிர். 1932 இல் பிரபுக்கள் சபை தீர்த்த, இஞ்சிப்பானப் போத்தலுக்குள் நத்தை கிடந்ததாகச் சொல்லப்பட்ட ஸ்கொட்லாந்து வழக்கை உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்புவிப்பார். அவருடைய குறிப்புப் புத்தகத்தில் நத்தைக்கு அடுத்த பக்கத்தில் இருந்தது ஒரு கடைசல் இயந்திரம். கிரீன்மன் எதிர் யூபா பவர் புரொடக்ட்ஸ். கலிபோர்னியா மாநிலத்தின் அதியுயர் நீதிமன்றம், ஜனவரி 1963.

மறுநாள் காலை மருமகனின் கணினியில் தீர்ப்பைத் தேடி எடுத்து முழுவதும் வாசித்தேன். நீண்ட தீர்ப்பல்ல. ஒரு தேநீர் ஆறுவதற்குள் படித்துவிடலாம்.

வில்லியம் கிரீன்மன் என்பவர் கடையில் ஷொப்ஸ்மித் இயங்குவதை நேரில் பார்க்கிறார். தயாரிப்பாளரின் விளம்பரச் சிறுநூலையும் கவனமாகப் படிக்கிறார். வீட்டுப் பட்டறைக்கு அது வேண்டும் என்று ஆசைப்படுகிறார். 1955 நத்தாருக்கு மனைவி அதை வாங்கிப் பரிசளிக்கிறார். 1957 இல் கடைசல் வேலைக்கான துணைப்பாகங்களை வாங்கி, பெரிய மரத்துண்டு ஒன்றிலிருந்து பாதம் வைத்த கிண்ணம் ஒன்றைக் கடையத் தொடங்குகிறார். பல தடவை வேலை செய்தும் எந்தச் சிக்கலும் இல்லை. பின்னர் ஒருநாள், சுழன்றுகொண்டிருந்த மரம் திடீரென இயந்திரத்திலிருந்து பறந்து வந்து அவருடைய நெற்றியில் மோதியது. பலத்த காயம்.

கடைசல் வேலையைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். எங்கள் ஊர்த் தச்சுப்பட்டறையில் ஒருவர் கயிறு இழுக்க மற்றவர் உளி பிடித்துக் கட்டிற்கால் கடைந்ததை நான் சிறுவனாகப் பார்த்திருக்கிறேன். இரண்டு முனைகளுக்கு நடுவே மரம் நெருக்கிப் பிடிக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். ஒரு முனை சிறிது பின்வாங்கினாலும் மரத்துக்குப் பிடி இல்லை. கயிற்றால் சுழலும் மரம் காலடியில் விழும். மோட்டரால் சுழலும் பெரிய மரம் விழுவதில்லை, பாய்கிறது.

கிரீன்மனின் சார்பில் சாட்சியமளித்த நிபுணர்கள், இயந்திரத்தின் பாகங்களைப் பிடித்துவைத்த திருகாணிகள் போதிய வலுவற்றவை என்றார்கள். வேலையின்போது இயல்பாக ஏற்படும் அதிர்விலேயே வால்தாங்கி மரத்தை விட்டு விலகிப்போக அது இடமளித்தது, இதைவிட உறுதியாகப் பிணைக்கும் வழிகள் இருந்தன, அவற்றைக் கையாண்டிருந்தால் விபத்து நேர்ந்திராது என்பது அவர்களுடைய வாதம். மருமகனிடம் இதைச் சொன்னபோது அவர் ஒரு சிறு திருகாணியை எடுத்து, மூலையில் நின்ற குழாயின் மேல் நிறுத்திக் காட்டினார். உருண்டையான, வழுவழுப்பான மேனியில் திருகாணியின் நுனி பொட்டளவு இடத்தில்தான் தொடுகிறது. சுற்றிவர அணைத்துப் பிடிக்கும் வளையமாக இருந்தால் கதை வேறு.

தீர்ப்பின் அடிக்குறிப்பில் அந்த விளம்பரச் சிறுநூலின் வாசகங்களும் பதிவாகியிருக்கின்றன. அதைப் படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மையமில்லாச் சாணை பிடித்த கனமான உருக்குக் குழாய்கள் பாகங்களை வழுவற்ற நேர்வரிசையில் வைத்திருக்கும் என்கிறது சிறுநூல். ஒவ்வொரு பாகத்துக்கும் உறுதியான பூட்டு உண்டு, ஆகவே முரட்டு வேலையிலும் நுணுக்கமான வேலையிலும் வைத்த அளவு வைத்தபடியே நிற்கும் என்றும் சொல்கிறது. நான்கு நாட்களாக நிலவறையில் நான் பார்த்துக்கொண்டிருந்த அதே குழாய்! அது வழுக்கும் என்ற வாக்குறுதி மெய்யாயிற்று. நிற்கும் என்ற வாக்குறுதிதான் நீதிமன்றத்துக்குப் போயிற்று.

ஜூரிமார் கடைக்காரரை விடுவித்தார்கள். தயாரிப்பாளராக எதிர்த்தரப்பில் நின்ற யூபா நிறுவனம் 65,000 டொலர் நட்டஈடு செலுத்த வேண்டும் என்றார்கள். நிறுவனம் மேன்முறையீடு செய்தது. அதன் முக்கிய வாதம் இயந்திரத்தைப் பற்றியதே அல்ல. உத்தரவாதம் மீறப்பட்டிருந்தால் வாங்கியவர் நியாயமான காலத்துக்குள் அறிவித்தல் கொடுக்க வேண்டும் என்பது விற்பனைச் சட்டம். கிரீன்மன் பத்தரை மாதங்கள் கழித்தல்லவா அறிவித்தார்? ஆகவே வழக்குத் தள்ளுபடியாக வேண்டும்.

சட்டத்தரணிகள் இப்படி வாதாடுவதை என் நிருபர் வாழ்க்கையில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். நெற்றி பிளந்தவனின் காயத்தைப் பற்றிப் பேசாமல் கடிதத்தின் திகதியைப் பற்றிப் பேசுவது. பெரும்பாலும் அது வென்றுவிடுவதையும் கண்டிருக்கிறேன்.

இந்தத் தடவை அது வெல்லவில்லை. தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் ரோஜர் ட்ரெய்னர். 1900 இல் யூட்டா மாநிலத்தின் சுரங்க நகரான பார்க் சிட்டியில் பிறந்தவர். பெர்க்லியில் சட்டப் பேராசிரியராக இருந்து 1940 இல் நீதியரசரானவர். 1944 இல் ஓர் உணவகப் பணிப்பெண்ணின் கையில் கொக்காகோலா போத்தல் வெடித்த வழக்கில், ஏனைய நீதியரசர்கள் கவனயீனம் என்ற பழைய பாதையாலேயே அந்தப் பெண்ணுக்கு நியாயம் வழங்கினார்கள். ட்ரெய்னர் மாத்திரம் முடிவில் உடன்பட்டு, காரணத்தில் விலகி நின்றார். தயாரிப்பாளர் கவனமாக இருந்தாரா இல்லையா என்று ஏன் கேட்க வேண்டும், குறைபாடுள்ள பொருளைச் சந்தைக்கு அனுப்பியதே பொறுப்புக்குப் போதாதா என்று அன்றே எழுதினார். அப்போது அவரோடு யாரும் சேரவில்லை. 19 ஆண்டுகள் காத்திருந்தார். கிரீன்மன் வழக்கில் நீதிமன்றம் முழுவதும் ஒருமித்து அவர் பக்கம் நின்றது.

அவர் சொன்னதன் சாரம் இதுதான். வாங்குபவர் சோதித்துப் பார்க்கமாட்டார் என்று தெரிந்தே ஒரு பொருளைச் சந்தையில் விட்டு, அதன் குறைபாட்டால் ஒரு மனிதருக்குக் காயம் ஏற்படுமானால் தயாரித்தவரே பொறுப்பு. கவனயீனத்தை நிறுவ வேண்டியதில்லை. ஒப்பந்தம் தேவையில்லை. அறிவித்தல் கொடுக்கத் தவறியது தடையில்லை, ஏனெனில் வியாபார உலகின் நடைமுறை தெரியாத சாதாரணருக்கு அந்த விதி மறைத்து வைத்த பொறிபோல ஆகிவிடும். உணவுப் பொருட்களில் தொடங்கிய இந்தப் பொறுப்பு இயந்திரங்களுக்கும் உரியது. காயத்தின் செலவைத் தம்மைக் காத்துக்கொள்ள வழியற்றவர்கள் சுமக்கக்கூடாது, பொருளைச் சந்தைக்கு விட்டவர்கள் சுமக்க வேண்டும்.

ஓர் இடத்தில் அவர் சொல்வது எனக்கு அந்த நிலவறை மூலையையே நினைவூட்டிற்று. கிரீன்மன் சிறுநூலின் வார்த்தைகளை நம்பி வாங்கினாரா, மேற்பரப்பின் அடியில் பதுங்கியிருந்த குறைபாட்டை மறைத்த இயந்திரத்தின் சிறந்த தோற்றத்தை நம்பி வாங்கினாரா, அல்லது எதற்காகச் செய்யப்பட்டதோ அதை ஆபத்தின்றிச் செய்யும் என்று சும்மா எண்ணிக்கொண்டு வாங்கினாரா என்பது முக்கியமல்ல என்கிறார். தோற்றம் மறைத்த குறைபாடு. என் முகம் தெரிந்த அந்தக் குழாயை வேறொருவருக்கு விற்றிருந்தால்?

1965 இல் அமெரிக்க சட்ட நிறுவனம் வெளியிட்ட தீங்கியல் தொகுப்பின் 402ஏ பிரிவில் இந்தக் கோட்பாடு இடம்பிடித்தது. மாநிலம் மாநிலமாகப் பரவியது. ஐரோப்பிய சமூகம் 1985 இல் இதே திசையில் பணிப்புரை விடுத்தது, பிரித்தானியா 1987 இல் சட்டமாக்கியது. இந்தியாவின் 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருள் பொறுப்புக்கென்று தனி அத்தியாயமே உண்டு. ட்ரெய்னர் 1964 இல் பிரதம நீதியரசராகி, 1970 இல் ஓய்வுபெற்று, 1983 இல் காலமானார். ஷொப்ஸ்மித் உற்பத்தி 1960களில் நின்றுபோயிற்று. 1972 இல் ஜோன் ஃபோகர்த் என்பவர் ஒஹாயோ மாநிலத்தில் அதை மீண்டும் தொடக்கினார். வழக்கில் தோற்ற பொருள் என்பதற்காக மரவேலைப் பிரியர்கள் அதைக் கைவிடவில்லை. முழுப் பாதுகாப்பு முகமூடி அணியவும், பெரிய மரத்தை மெதுவான சுழற்சியில் தொடங்கவும் பழகிக்கொண்டார்கள்.

என் பயணத்தின் கடைசி வாரத்தில் மருமகன் இயந்திரத்தைப் பூட்டி முடித்தார். தழும்பு விழுந்த குழாய் வலப்புறம், அதன் பழைய துணை இடப்புறம். தலைப்பெட்டியை ஒரு விரலால் தள்ளினார். முனையிலிருந்து முனைவரை ஓசையின்றி ஓடியது. எனக்கும் ஒரு தடவை தள்ளத் தந்தார். பிடியைத் திருகிப் பூட்டிவிட்டு, இரண்டு கைகளையும் கொடுத்து முழுப் பலத்தோடு தள்ளச் சொன்னார். முனையில், நடுவில், மறுமுனையில் என்று மூன்று இடங்களில் தள்ளினேன். அசையவில்லை.

மகளுக்குப் பம்பரம் கடைவதாக வாக்குக் கொடுத்திருந்தார். மேப்பிள் துண்டு ஒன்றை இரண்டு முனைகளுக்கும் நடுவே நெருக்கி, வால்தாங்கியை இறுக்கி, கையால் அசைத்துப் பார்த்து, மறுபடியும் இறுக்கினார். மரத்தைக் கையாலேயே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். முகமூடியை இறக்கிக்கொண்டு சுவிச்சில் விரலை வைத்தவர், திரும்பி என்னைப் பார்த்தார்.

"மாமா, மரத்துக்கு நேரே நிக்க வேண்டாம். இஞ்சால வாங்கோ."

நான் அவருடைய தோளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.